அவயவக் கூட்டம் அன்று சரீரம்

மனித சரீரம் தனித்தனி அவயவங்களை அடுக்கிவைத்த ஒரு கூட்டம் என்றும், ஒவ்வோர் அவயவத்துக்கும் அதற்கே உரிய தொழில் ஒன்று உண்டு என்றும், அத்தொழில் கெட்டால் நோய் அவ்வவயவத்துக்கே வந்ததாகக் கொண்டு அதற்கென்று படித்த வைத்தியரிடம் அதனை ஒப்படைத்துவிடுவதே விவேகம் என்றும், இவை எல்லாவற்றுக்கும் மேலே மூளை என்னும் அரசன் வீற்றிருந்து ஆணை பிறப்பிக்கிறான் என்றும் இக்காலத்தில் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே நம்பி வருகின்றனர். பள்ளிக்கூடப் புத்தகத்தின் அத்தியாயப் பிரிவிலும் ஆஸ்பத்திரி அறைகளின் பெயர்ப்பலகையிலும் இந்த நம்பிக்கையே எழுதப்பட்டிருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பில், தலவிலயில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் திருவிழாவுக்கு வந்து, கிடுகுக் கொட்டில்களில் நாட்கணக்காய்த் தங்கி, தம் வருத்தங்களைச் சொல்லி மன்றாடும் யாத்திரிகர் வாயிலும் இதுவே வருகிறது: எனக்கு இருதயத்தில் கோளாறு, அவருக்குக் கிட்னி பழுது, பிள்ளைக்கு நெஞ்சில் சளி. எவ்வளவு இயல்பான பேச்சு! அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் கொள்கை பிழையானது என்றும், அது ஏட்டளவில் நின்றுவிடாமல் மனிதரின் உயிரையும் கால்களையும் கொண்டுபோகும் பிழை என்றும் நிறுவுவதே என் நோக்கம்.

எதிர்க்கும் கொள்கைக்குரிய மரியாதையை முதலில் செலுத்திவிடுவது முறை. சரீரத்தை அறுத்து, பிரித்து, பிரித்ததற்குப் பெயரிட்டு, பெயரிட்டதை வரைந்து காட்டிய சாஸ்திரம் மனித குலத்துக்குச் செய்த உபகாரம் சிறிதன்று. 1543இல் வெசாலியஸ் தம் அங்கவியல் நூலை வெளியிட்டிராவிட்டால், 1628இல் ஹார்வி இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவுவதற்குரிய நிலமே பண்பட்டிருக்காது. நம் மொழியிலும் அந்தச் சாஸ்திரம் காலந்தாழ்த்தி வரவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அங்கவியல் நூல்களையும் உடற்றொழில் நூல்களையும் தமிழாக்கி அச்சிடுவித்தார். அவர் முதலில் தேர்ந்து தமிழாக்குவித்த கட்டர் என்பாரின் நூல், சரீரத்தின் அமைப்பையும் தொழிலையும் சுகாதாரத்தையும் ஒரே கட்டுக்குள் வைத்துப் பேசிய நூல் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருசேர உண்டாகின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் ஒன்றாய்ப் படிக்கப்பட்டதை நாம் இன்று துண்டுதுண்டாக்கி, துண்டுகளை மட்டும் பரீட்சைக்கு மனனம் செய்விக்கிறோம்.

ஆகவே பிரித்துப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. கற்பதன் வசதிக்காக மனிதன் இழுத்த கோட்டைச் சரீரத்திலே இயற்கை இழுத்த எல்லை என்று எடுத்துக்கொள்வதையே மறுக்கிறேன்.

தலவிலயின் ஆகஸ்ட் மாத நண்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருவிழாத் திருப்பலி நடக்கிறது. ஆலயம் கொள்ளாத சனம் வெளியே வெயிலில் நிற்கிறது. கடற்காற்று வீசினாலும் மணல் தகிக்கிறது. காலையில் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்த நடுவயதுப் பெண் ஒருத்தி நெடுநேரம் அசையாமல் நின்றபின், முகம் வெளிறி, நெற்றி வியர்த்து, கண் இருண்டு சரிகிறாள். சுற்றி நின்றவர்கள் பதறி ஓடிவந்து, மயக்கம் தலையில் வந்த கோளாறு என்று எண்ணி, அவளைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, அரை நினைவில் இருப்பவளின் வாயில் சோடாவை ஊற்றுகின்றனர். அன்பினால் செய்யப்படும் இக்காரியங்களில் ஒவ்வொன்றும் அவளுக்குத் தீங்கு செய்கிறது.

அவள் சரீரத்தில் நடந்தது என்ன? வெயிலின் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்காகத் தோலில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்தன. விரிந்த குழாய்களுக்குள் இரத்தம் பாய்ந்தது. வியர்வையாய் நீரும் உப்பும் போயின. போன அளவுக்கு இரத்தத்தின் கனபரிமாணம் குறைந்தது. நின்றபடி நின்றதால் பூமியின் ஈர்ப்பு அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தத்தைக் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறக்கிவைத்தது. நடக்கும்போது சுருங்கி விரிந்து அந்த இரத்தத்தை மேலே தள்ளிவிடும் கெண்டைக்கால் தசைகள், அசையாமல் நின்றமையால் சும்மா இருந்தன. இருதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்தது. வருவது குறைந்தால் அனுப்புவதும் குறையும். மூளைக்குப் போவது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிய கணத்தில் நினைவு தப்பியது. இதில் பழுதான அவயவம் எது? தோல் தன் கடமையைச் செய்தது. வியர்வைச் சுரப்பி தன் கடமையைச் செய்தது. இருதயம் வந்ததை அனுப்பியது. மூளை பட்டினி கிடந்ததேயன்றிப் பிழை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொன்றும் செம்மையாக இயங்கியிருக்க, அவற்றின் இடையே இருந்த கணக்குத்தான் தவறியது. அவள் விழுந்ததே அந்தக் கணக்கைச் சரிசெய்ய உதவும் செயல்: படுத்த நிலையில் இரத்தம் இருதயத்துக்கு மேலேற வேண்டியதில்லை. அவளை நிழலில் மல்லாக்கக் கிடத்திக் காலைச் சற்றே உயர்த்திவிட்டால் போதும். அநேகமாய்ச் சில நிமிடங்களில் கண் திறப்பாள். நிமிர்த்தி உட்காரவைப்பவர்கள் சரீரம் தானே தேடிக்கொண்ட பரிகாரத்தைத் தடுத்துவிடுகிறார்கள். தலையில் தெரிந்த வருத்தத்துக்குத் தலையே காரணம் என்று கொண்டதால் வந்த வினை இது.

இந்த வெயிலிலேயே ஆண்டு முழுவதும் தொழில் செய்யும் புத்தளத்து உப்பளத் தொழிலாளிக்கு ஏன் இந்த மயக்கம் எளிதில் வருவதில்லை என்று கேட்கலாம். அவருடைய தோல் தடித்துவிட்டது என்பது தெருவில் கிடைக்கும் விடை. உண்மையான விடை அதனினும் அழகானது. வெப்பத்தில் வேலை செய்யத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்துக்குள், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி சுரக்கும் ஓமோன் ஒன்று வியர்வைச் சுரப்பிக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே செய்தியைக் கொண்டுபோகிறது: உப்பை விடாதே. வியர்வை முன்னிலும் விரைவாகத் தொடங்கி முன்னிலும் மிகுதியாய்ப் பெருகுகிறது. ஆனால் அதில் உப்புக் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் மீட்டுத் தரும் உப்போடு நீரும் திரும்பிவர, இரத்தத்தின் கனபரிமாணம் கூடுகிறது; இருதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்துமுடிக்கிறது. இதனைத் தோலின் அத்தியாயத்தில் எழுதுவதா, சிறுநீரகத்தின் அத்தியாயத்தில் எழுதுவதா, சுரப்பிகளின் அத்தியாயத்தில் எழுதுவதா? எதில் எழுதினாலும் மற்ற இரண்டும் ஊனமாகும்.

வெயிலை விட்டுக் கடலுக்குள் இறங்கினால் இந்த உண்மை இன்னும் துலங்கும். தலவிலக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்து மறிச்சுக்கட்டிக் கரையில், 1905ஆம் ஆண்டில் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 5,000 குளிகாரர் இறங்கினர். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு, படகில் கயிறு பிடிப்பவரை நம்பி, ஏறக்குறைய ஒரு நிமிடம் கடலடியில் இருந்து சிப்பி சேர்த்த அம்மனிதரைப் பற்றி நம்மவர் சொல்லும் விளக்கம், அவர்களுக்கு நுரையீரல் பெரிது என்பதே. மூச்சு என்றால் நுரையீரல், நுரையீரல் என்றால் மூச்சு; வேறு எதற்கு அங்கே இடம்? ஆனால் மனிதன் மூச்சடக்கி நீருள் முகத்தை அமிழ்த்தியதும் இருதயத் துடிப்பு தளர்கிறது. கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன. கையிருப்பில் உள்ள ஒட்சிசன் மூளைக்கும் இருதயத்துக்குமாகச் சேமிக்கப்படுகிறது. இவற்றோடு மண்ணீரல் சுருங்கி, தான் சேர்த்துவைத்திருந்த செங்குருதிக் கலங்களைச் சுற்றோட்டத்தில் விடுகிறது. வயிற்றின் இடப்பக்கத்து மூலையில் கிடந்து, வெட்டி எடுத்துவிட்டாலும் மனிதன் பிழைப்பான் என்று அசட்டை செய்யப்படும் மண்ணீரலுக்கு மூச்சில் பங்கு உண்டு என்று எந்தப் பாடசாலைப் பிள்ளை படித்திருக்கிறது? தென்கிழக்காசியக் கடல்களில் தலைமுறை தலைமுறையாய் நீர்மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அயலில் நிலத்தில் வாழும் மக்களுடையதைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியளவு பெரிதாக இருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. மூச்சடக்கும் வித்தையின் சுவடு நுரையீரலுக்கு வெளியே பதிந்திருக்கிறது.

மூச்சடக்குவதில் ஒரு கொடிய மரணமும் உண்டு. இறங்குவதற்கு முன் ஆழமாகவும் விரைவாகவும் பலமுறை மூச்சிழுத்தால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று இளைஞர் கருதுகின்றனர். மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் ஒட்சிசனின் குறைவு அன்று, இரத்தத்தில் சேரும் காபனீரொட்சைட்டே என்பதை ஹால்டேனும் பிறீஸ்ற்லியும் 1905லேயே காட்டினர். விரைந்த மூச்சினால் காபனீரொட்சைட்டு மட்டுமீறி வெளியேறிவிட, மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கை வராமலே ஒட்சிசன் தீர்ந்து, நீந்தத் தெரிந்த ஆரோக்கியமான வாலிபன் நீருக்குள் நினைவிழந்து மாண்டுபோகிறான். பிரேதத்தை அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் நீர் காணலாம். இருதயத்திலும் மூளையிலும் பூர்வ வியாதி எதுவும் காணமுடியாது. பிரிவுக் கொள்கைக்காரர் இந்த மரணத்தை எந்த அவயவத்தின் கணக்கில் எழுதுவார்கள்?

இன்று கற்பிட்டிக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குவோர் மூச்சடக்கிப் போவதில்லை. முதுகிலே காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகின்றனர். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தேங்குகிறது. வேகமாய் மேலே வந்தால் குமிழிகளாகப் பொங்குகிறது. பிரான்சு தேசத்துப் போல் பேர் 1878இல் இக்காரணத்தைத் தெளிவாக்கினார். படிப்படியாக மேலேறும் முறையை ஹால்டேன் 1908இல் வகுத்தார். அப்படியிருந்தும் கரைக்கு வந்த மனிதனின் தோளில் நோவு எடுத்தால், சிலிண்டர் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள். மாலையில் கால் மரத்தால் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். இரவில் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பினால் அது வேறொரு வருத்தம், வேறொரு மருந்து. தோளுக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் வெவ்வேறு நோய் என்று எண்ணிப் போக்கிய அந்த மணித்தியாலங்களில், முண்ணாணுக்குள் இருக்கும் குமிழிகள் தம் வேலையை முடித்துவிடுகின்றன. வந்தவுடன் ஒட்சிசன் கொடுத்து, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளதுபோன்ற அழுத்த அறைக்கு விரைந்து கொண்டுபோயிருந்தால் நடந்திருக்கக்கூடிய மனிதன், முப்பது வயதில் கட்டிலோடு கிடக்கிறான். மூன்று வருத்தமும் ஒன்றே என்று சொல்ல ஒருவர் இல்லாமற்போனதன் விலை அது.

இனி அரசனைப் பற்றிய வாதம். மூளை ஆணையிட, மற்றவை கீழ்ப்படிகின்றன என்பது கேட்பதற்குக் கம்பீரமாய் இருக்கிறது; ஆனால் 1902 ஜனவரியில் லண்டன் மாநகரத்து ஆய்வுகூடமொன்றில் அந்தச் சிம்மாசனம் ஆட்டங்கண்டுவிட்டது. உணவு இரைப்பையை விட்டுச் சிறுகுடலில் இறங்கியதும் சதையி தன் சாற்றைச் சுரப்பது நரம்புகளின் ஏவலால் என்றே அதுவரை கருதப்பட்டது. பாவ்லவ் போன்ற மேதையும் அவ்வாறே கொண்டிருந்தார். பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவரும் சிறுகுடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அத்துண்டுக்குள் அமிலம் வைத்துப் பார்த்தனர். நரம்பு இல்லை, மூளைக்குச் செய்தி போக வழி இல்லை, எனினும் சதையி சுரந்தது. குடலின் சுவரே ஒரு பொருளை இரத்தத்தில் விட்டு, இரத்தம் அதனைச் சதையிக்குக் கொண்டுபோயிருந்தது. குடல் சதையிக்கு நேரே சொல்லிவிட்டது. அரசனிடம் உத்தரவு கேட்கவில்லை. ஓமோன் என்ற பெயரே அதன்பின், 1905இல்தான் வழக்குக்கு வந்தது.

அன்று தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறதா என்று அளந்துகொண்டிருப்பது சிறுநீரகம். குறைந்தால், செங்குருதிக் கலங்களை மிகுதியாக உண்டாக்கு என்று எலும்பின் மச்சைக்கு ஓமோன் அனுப்புவதும் அதுவே. சிறுநீரகம் கெட்டவர் வெளிறிச் சோர்ந்துபோவது அதனால்தான். இருதயமோ வெறும் பம்பு என்று அலட்சியமாய்ச் சொல்லப்படுவது. அதன் மேலறைகள் தமக்கு வரும் இரத்தம் மிகுந்து விரியும்போது, உப்பையும் நீரையும் வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் பொருளைச் சுரக்கின்றன என்பதை 1981இல் கனடாவில் டி போல்ட் வெளிப்படுத்தினார். இவ்வளவுக்கும் மூளை, சரீர எடையில் ஐம்பதில் ஒரு பங்காய் இருந்துகொண்டு, ஓய்வில் செலவாகும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அந்த வரவு சில கணங்கள் நின்றால் நினைவிழக்கிறது. சில நிமிடங்கள் நின்றால் அழிகிறது. இத்தனை பேரிடம் கையேந்தி நிற்பவனை அரசன் என்பது பொருந்தாது. தலவிலக் கரையில் கரைவலை இழுப்பவரைப் பார்த்திருப்பவர் நான் சொல்வதை எளிதில் உணர்வர்: இரண்டு கயிற்றிலும் நிற்கும் ஒவ்வொருவரும் மற்றவரின் இழுப்பைத் தம் கையில் வரும் பாரத்தால் அறிந்து, அதற்கேற்பத் தம் இழுப்பைக் கூட்டியும் குறைத்தும் வருவதால் வலை நேராய் வருகிறது. உட்சூழல் நிலைபெறுவதே சுயேச்சையான வாழ்வுக்கு ஆதாரம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோட் பெர்னார் கண்டதும், அந்த நிலைபேற்றுக்கு வால்டர் கனன் 1926இல் பெயரிட்டு, 1932இல் சரீரத்தின் ஞானம் என்று ஒரு நூலாகவே எழுதியதும் இதனைத்தான்.

இங்கே எதிர்வாதி தன் வலிய ஆயுதத்தை எடுப்பான் என்பது எனக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டால் யந்திரம் வைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கிறோம். இருதயம் கெட்டால் இன்னொருவர் இருதயத்தை வைக்கிறோம். கழற்றி மாட்டக்கூடிய பாகங்களாக இல்லாவிட்டால் இது எப்படிச் சாத்தியம் என்பான். அந்த ஆயுதமே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயிகளை வாட்டிவரும் சிறுநீரக நோயினால் யந்திரத்தை அண்டி வாழ்வோரைப் பாருங்கள். யந்திரம் வடிகட்டுகிறது, வடிகட்டுவதை மட்டுமே செய்கிறது. மச்சைக்குச் செய்தி அனுப்ப அதற்குத் தெரியாது. ஆகையால் ஊசி போட வேண்டும். தோலில் வெயில் பட்டு உண்டாகி ஈரலில் ஒருபடி மாறிவரும் விற்றமின் டீயை, குடலுக்கும் எலும்புக்கும் பயன்படும் வடிவுக்கு மாற்றும் கடைசிப் படி சிறுநீரகத்தில் நடப்பது. அதுவும் யந்திரத்தால் ஆகாது. ஆகையால் குளிசை கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் எலும்பு மெலிகிறது, இரத்தக் குழாய் தடிக்கிறது, இருதயம் வீங்குகிறது. ஒரு பாகத்தை மாற்றினோம் என்று எண்ணினால், அந்தப் பாகத்துக்கு எத்தனை பேரோடு உறவு இருந்தது என்பது மாற்றிய பின்னரே தெரியவருகிறது.

இருதயத்தின் கதை இதனினும் உருக்கமானது. 1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்ட், லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவருக்கு இன்னொருவர் இருதயத்தைப் பொருத்தினார். நரம்புத் தொடர்பு அறுந்த அந்த இருதயம் மூளையின் ஏவல் இன்றியே துடித்தது. அரசன் கொள்கைக்கு அதுவே போதிய மறுப்பு. ஆனால் பதினெட்டாம் நாள் வாஷ்கான்ஸ்கி இறந்தார். இருதயம் பழுதாகவில்லை. புதிய இருதயத்தைச் சரீரம் அந்நியன் என்று தாக்காதிருக்கும்பொருட்டு அவருடைய எதிர்ப்புச் சக்தியை மருந்துகளால் அடக்கியிருந்தனர். காவல் இல்லாத நுரையீரலில் கிருமி புகுந்தது. பாகம் பிழைத்தது, மனிதன் மாண்டான். பின்வந்த வைத்தியர்கள் அந்த எதிர்ப்புச் சக்தியோடு சமாதானம் செய்யக் கற்றபிறகுதான் மாற்றுச் சிகிச்சை நிலைபெற்றது.

சாஸ்திர வாதம் இதனோடு அமையும். இனிச் சொல்வது அன்றாட வைத்தியத்தில் இக்கொள்கை செய்யும் கேடு.

ஓர் ஆகஸ்ட் திருவிழாவின்போது, தலவிலக் கொட்டில் ஒன்றில் பாயிற் படுத்திருந்த முதிய யாத்திரிகை ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாய் வயிற்றுப்போக்கு, சிறுநீர் சரியாகப் போகவில்லை, வாய் உலர்ந்திருந்தது. தலைமாட்டில் பிளாஸ்ரிக் பை ஒன்று. அதற்குள் பழுப்புநிற உறை போட்ட மூன்று கிளினிக் கொப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இறப்பர் வளையம் போட்ட குளிசை உறைகள். எடுத்துக் காட்டினார்: "இது பிறசருக்கு, இது கால் வீக்கத்துக்கு நீர் போக, இது முழங்கால் நோவுக்கு." முழங்கால் நோவுக்கு எழுதியது போதாமல் பாமசியில் வாங்கியதும் கூட இருந்தது. "ஆச்சி, இந்த மூன்றையும் எந்த டொக்டராவது ஒன்றாய்ப் பார்த்தாரா?" என்று கேட்டேன். "அவங்கவங்க கொப்பியை அவங்கவங்க பார்ப்பாங்க, தம்பி. மற்றதைக் காட்டினால் அது இந்தக் கிளினிக் இல்லை என்பாங்க" என்றார், குறையாகக்கூட இல்லை, ஊர் வழக்கத்தைச் சொல்வதுபோல.

அந்த மூன்று குளிசைகளும் தனித்தனியே சரியானவை. எழுதிய வைத்தியர் எவரும் தம் சாஸ்திரத்தில் பிழைத்தவர் அல்லர். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் சிறு குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளொன்று உண்டு. நோவுக் குளிசை அப்பொருளைக் குறைக்கிறது. வடிகட்டியை விட்டு இரத்தம் வெளியேறும் குழாயைச் சற்று இறுக்கி, உள்ளே வேண்டிய அழுத்தத்தைக் காப்பது இன்னொரு பொருள். பிறசர்க் குளிசைகளில் ஒருவகை அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது. நீர் போக்கும் குளிசை வரும் இரத்தத்தையே குறைக்கிறது. சாதாரண நாளில் இம்மூன்றையும் அவர் சரீரம் ஒருவாறு தாங்கிக்கொண்டிருந்தது. வெயிலும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து நீரை இறக்கியதும், வாசல் ஒடுங்கி, வெளிவழி தளர்ந்து, வரவும் அருகி, வடிகட்டி நின்றுபோகும் நிலை வந்தது. இந்த மும்மருந்துச் சேர்க்கையின் ஆபத்து வைத்திய நூல்களில் நன்கு அறியப்பட்டது. எழுதப்படாத புதுமை அன்று. ஆனால் அது எந்த ஒரு கொப்பியிலும் இல்லை. மூன்று கொப்பிகளுக்கும் நடுவே இருந்தது. அந்த நடுவிடத்தைப் பார்ப்பது எவருடைய உத்தியோகமும் அல்ல. உறவினர் அவரை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாக் கொப்பிகளையும் ஒரே மேசையில் வைத்ததால் அவர் தப்பினார்.

சலரோகம் உள்ளவர் நேர்த்திக்காகத் தலவில மணலில் வெறுங்காலோடு நடப்பதையும் சொல்லவேண்டும். நண்பகல் மணல் சுடுகிறது. அவருக்குச் சுடுவது தெரியவில்லை, பாதத்தின் நரம்பு முன்னமே மங்கிவிட்டது. அந்நரம்பே வியர்வையையும் ஆள்வதால் பாதத்தோல் உலர்ந்து வெடித்திருக்கிறது. கொப்புளம் எழுந்தால் கண் மங்கியவர் தம் உள்ளங்காலைக் காணமுடிவதில்லை; குழாய் ஒடுங்கியதால் ஆற்றுவதற்கு இரத்தம் வருவதில்லை; வந்த சிறிதளவு இரத்தத்திலும் சீனி மிகுந்து வெண்கலங்கள் மந்தித்திருக்கின்றன. ஊருக்குத் திரும்பிச் சில வாரத்தில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை எடுத்தார்கள் என்று கேள்விப்படுகிறோம். காலில் வந்த புண் என்று அதைச் சொல்லிக்கொள்கிறோம்.

நான் மறுப்பதைக் கேட்டு, அப்படியானால் முழு உடம்பையும் ஒரே லேகியத்தால் சீராக்குகிறேன் என்று விளம்பரம் செய்பவர் பக்கம் நான் சாய்வதாக ஒருவரும் கருதவேண்டாம். வாதம், பித்தம், கபம் என மூன்றின் சமநிலையில் சரீரத்தை முழுமையாக நோக்கிய நம் முன்னோரின் சித்த வைத்தியத்தில் ஆழ்ந்த ஒரு நோக்கு இருந்தது. அந்த நோக்கை விற்பனைப் பண்டமாக்கி, எதனோடு எது எவ்வளவு தொடர்புடையது என்று அளந்து காட்டாமல், எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையன என்று பொதுவாய்ச் சொல்லிவிடுவது அறிவு ஆகாது. குடலுக்கும் சதையிக்கும் உள்ள உறவை பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் நரம்பை அறுத்துச் சோதித்தே நிறுவினர். விசேட வைத்தியரும் வேண்டியவரே. அடைபட்ட இருதயக் குழாயைத் திறக்கும் கை அவருடையது. அவர் போதும் என்பதைத்தான் நான் ஒப்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி என்று பிரித்துப் படிப்பிக்கட்டும். ஆனால் அந்த அத்தியாயங்கள் முடிந்தபின், வெயிலில் நிற்கும் ஒரு மனிதனை, கடலடியில் இறங்கும் ஒரு மனிதனை, பட்டினி இருக்கும் ஒரு மனிதனை எடுத்துக்கொண்டு, அத்தனை தொகுதிகளும் அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்கின்றன என்று எழுதச் சொல்லட்டும். பரீட்சையில் அந்த ஒரு வினா கேட்கப்பட்டால் ஆசிரியர்கள் அவ்வாறு படிப்பிக்கத் தொடங்குவார்கள். ஆஸ்பத்திரிகளில் நோயாளி எத்தனை கிளினிக்குகளுக்குப் போனாலும் கொப்பி ஒன்றாக இருக்கட்டும். அதனை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் படிப்பது ஒரு வைத்தியரின் பொறுப்பாக எழுதிவைக்கப்படட்டும். இதற்குப் புதிய யந்திரமோ அந்நியச் செலாவணியோ தேவையில்லை.

அதிகாரிகள் அதைச் செய்யும்வரை வாசகர் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த திருவிழாவுக்குப் புறப்படுமுன், வீட்டில் உள்ள முதியவரின் கிளினிக் கொப்பிகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கிய நோவுக் குளிசை, நாட்டு மருந்துப் போத்தல் உட்பட, ஒரே பையில் போட்டு, உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வைத்தியரின் மேசையில் கொட்டுங்கள். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்தவேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் இவற்றில் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேட்டு, விடையைக் கொப்பியின் மேலுறையில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.